தழை கட்டிய தார்ன்பி

கொல்லிமலைக்கு அப்போது ரோடு கிடையாது. காளப்பநாயக்கன்பட்டியோடு மாட்டு வண்டி நின்றுவிடும். அதற்கு மேல் கால்தான். மிளகும் பலாப்பழமும் தலையில் இறங்கின. உப்பும் மண்ணெண்ணெயும் தலையில் ஏறின. இந்த லட்சணத்தில், முப்பத்துநாலாம் வருஷம், குண்டனி நாட்டுச் சின்னுசாமி ஒரு மோட்டார் கார் வாங்கினான்.

ஏன் வாங்கினான் என்று கேட்டவர்களுக்கு அவன் சொன்ன காரணம் எதுவும் தேறவில்லை. மிளகு மூட்டை ஏற்றலாம் என்றான். மலைமேலிருந்து மலைமேலேயே எங்கே ஏற்றிப்போவது என்று கேட்டார்கள். அதோடு காரணம் சொல்வதை நிறுத்திவிட்டான். பிடித்திருந்தது, வாங்கினான்.

அந்தக் கார் காளப்பநாயக்கன்பட்டியில் பொங்கியண்ணன் என்ற விவசாயியின் மாட்டுக் கொட்டகையில் நின்றது. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு ரயில்வே துரையிடம் பொங்கியண்ணனின் அப்பா வாங்கியது. அப்பா இருந்தவரை ஓடியது. அவர் போனதும் கோழிகள் குடியேறின. மிளகு போட இறங்கும்போதெல்லாம் சின்னுசாமி கொட்டகைக்குள் போய் அதை ஒரு சுற்றுச் சுற்றி வருவான். விளக்கைத் தொட்டுப் பார்ப்பான். கதவைத் திறந்து மூடுவான். மகனுக்குப் பெண் பார்க்கப் போனவன் மாதிரி ஒன்றும் பேசாமல் திரும்பி வருவான்.

ஒருநாள் கேட்டேவிட்டான். "ஏனுங்கண்ணா, இது ஓடுங்களா?"

"முட்டை போடும்," என்றார் பொங்கியண்ணன்.

"நெசமாக் கேக்கறனுங்க."

"நெசமாத்தான் சொல்றேன். பின் சீட்டுல பாரு, இன்னிக்கு நாலு கெடக்குது."

பொங்கியண்ணனின் மனைவி மயிலாத்தாளுக்கு அந்த வண்டியில் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். ஸ்டீரிங்குக்கு முன்னால் பதித்திருந்த பித்தளைத் தகடு. அதை ஆயுத பூசை தவறாமல் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற அளவுக்குக் கொண்டு வந்திருந்தாள். வண்டியின் பெயர், நம்பர், செய்த வருஷம் எல்லாம் அந்தத் தகட்டில்தான் வெட்டியிருந்தார்கள். இப்போது அதில் மயிலாத்தாளின் முகம் மட்டும் தெரிந்தது.

"எழுத்து இருந்துச்சாமே அக்கா," என்றான் சின்னுசாமி.

"அழுக்குன்னு நெனச்சேன் சாமி," என்றாள் அவள்.

அடுத்த அறுப்பு மிளகு முழுவதும் பொங்கியண்ணனுக்கு என்று பேச்சு முடிந்தது. கோழிகளுக்கு வேறு இடம் பார்ப்பது மயிலாத்தாளின் பாடு.

வண்டியைப் பிரிக்கக் கந்தப்பன் வந்தான். அவன் காளப்பநாயக்கன்பட்டியில் சைக்கிளும் பெட்ரோமாக்ஸ் விளக்கும் பழுது பார்க்கிறவன். அதற்கு முன், சின்ன ஜமீன் மாதிரி நிலம் வைத்திருந்த ஒரு மிட்டாதாரிடம் டிரைவராக இருந்தவன். அந்த மிட்டாதாரிடம் இருந்ததும் இதே கம்பெனி வண்டி, தார்ன்பி. அந்தச் சுற்றுவட்டாரத்தில் தார்ன்பியைப் பற்றிப் பேசத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவனும் அவன்தான்.

"கேட்டுக்குங்க. தார்ன்பிக்காரன் மொதல்ல எட்டுக் குதிரை சக்தியில ஒரு வண்டி போட்டான். அது மேட்டைக் கண்டா நின்னுக்கும். அப்புறம் பதினொண்ணாம் வருசத்துல பன்னெண்டுக் குதிரை வண்டி. மிட்டாதாரோடது அதுதான். இதுவும் அதுதான். செர்மன் சண்டை வந்ததும் கம்பெனி பீரங்கிச் சக்கரம் செய்யப் போயிருச்சு, அதோட மூடியாச்சு. இந்த ரெண்டையும் விட்டா ஜில்லாவுலயே வேற தார்ன்பி கெடையாது."

"அதே மாதிரி வண்டிதானுங்களே?" என்றான் சின்னுசாமி.

"எம் பொண்டாட்டியை அடையாளம் தெரியாட்டியும் இதைத் தெரியும்."

ஆனால் பிரிக்கப் பிரிக்கச் சில விஷயங்கள் இடித்தன. மிட்டாதார் வண்டியில் பிரேக் கம்பி கதவுக்கு வெளியே இருந்தது; இதில் உள்ளே இருந்தது. எவனோ மாற்றியிருக்கிறான் என்றான் கந்தப்பன். ரேடியேட்டர் ஒரு சாண் கூடுதல் உயரமாக இருந்தது. எவனோ வேறு வண்டியிலிருந்து எடுத்து மாட்டியிருக்கிறான் என்றான். தண்ணீர் போகிற வாய்கள் கை நுழையும் அகலத்தில் இருந்தன. எவனோ பெரிதாக்கியிருக்கிறான். கந்தப்பன் கணக்கில் அந்த எவனோ ரொம்ப உழைத்திருந்தான்.

பிரித்ததைத் தூக்கிப்போக மலையிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். ஒவ்வொரு ஊரும் ஒரு சுமை. சட்டத்தை ஒரு ஊர்க்காரர்கள் மூங்கிலில் கட்டித் தூக்கினார்கள். சக்கரங்களை இன்னொரு ஊர். எஞ்சின்தான் இருப்பதிலேயே கனம். அதைச் சின்னுசாமியின் தங்கை புருஷன் ராசப்பன் தன் ஊர் ஆட்களோடு எடுத்துக்கொண்டான். வழியில் நின்று நின்று, வண்டியையும் சின்னுசாமியையும் அவன் பாட்டன் பூட்டனையும் திட்டிக்கொண்டே ஏறினார்கள். யாரும் சுமையை உருட்டிவிடவில்லை. அதுவே பெரிது.

சின்னுசாமி கடைசியாக, விளக்கைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்தான். அவன் வாசலில் ஒன்றுமே இல்லை.

"வண்டி எங்கே?" என்று மனைவி மாதம்மாளைக் கேட்டான்.

"அவங்கவங்க ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க," என்றாள் மாதம்மாள். "பங்குன்னு சொன்னாங்க."

தப்பு யார் மேலும் இல்லை. மலையில் வேட்டைக்குப் போனால் அதுதான் வழக்கம். சுட்டவனுக்குத் தலை, நாய்க்காரனுக்கு ஒரு தொடை, தூக்கி வந்தவன் தூக்கி வந்ததில் பங்கு எடுத்துக்கொள்வான். பன்றிக்கு உள்ள நியாயம் காருக்கும்தான் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். சின்னுசாமி கூலி பேசாமல் கூப்பிட்டிருந்தான். கூலி பேசாத சுமைக்குப் பங்கு என்றுதானே பொருள்.

மழை பிடித்துக்கொண்டது. மழை விட்ட பிறகு அவன் ஊர் ஊராகப் போனான். ஒரு வீட்டில் சக்கரத்தின் மேல் தானியக் குதிர் உட்கார்ந்திருந்தது. ஒரு வீட்டில் மட்கார்டில் கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் வைத்திருந்தார்கள். முன் சீட்டில் ஒரு கிழவர் படுத்திருந்தார், எழ மறுத்தார். ஒவ்வொருவரிடமும் கெஞ்சி, வண்டி ஓடுகிற அன்று ஒரு தரம் ஏற்றிக்கொள்வதாக வாக்குக் கொடுத்து வாங்கினான். கடைசியாக ராசப்பன் வீட்டிலிருந்து எஞ்சின் வந்தது. ராசப்பன் ஒன்றும் கேட்கவில்லை. "மச்சான் வண்டிக்கு நான் என்னத்தைக் கேக்கறது," என்று சொல்லிவிட்டான்.

கந்தப்பன் மேலே வந்து மாட்ட ஆரம்பித்தான். டயர்களுக்குள் காற்று நிற்கவில்லை. சாமை வைக்கோலை அடைத்தான். ரப்பர் குழாய்கள் மக்கிப் போயிருந்தன. கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கிற சாலின் தோல் வாலை வெட்டிக் கம்பி போட்டு இறுக்கலாம் என்றான். எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு எஞ்சினின் முன்பக்கம் குனிந்தவன் அப்படியே நின்றான்.

அங்கே கிண்ணத்து வாய் அகலத்துக்கு ஒரு வட்டமான மேடை இருந்தது. எண்ணெயும் மண்ணும் கோழி எச்சமும் கல்லாக இறுகியிருந்தன. அதன் ஓரத்தில் நான்கு பக்கமும் நான்கு குழிகள் லேசாகத் தெரிந்தன.

"தண்ணிப் பம்பு எங்கீங்க?" என்றான் கந்தப்பன்.

"அப்படின்னா?"

"எஞ்சின் சூடாகுமுங்க. பம்புதான் தண்ணியை எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் சுத்த விடறது. இந்த எடத்துல நாலு போல்ட்டு போட்டு நிக்கோணும். எவனோ கழட்டியிருக்கான். அது இல்லாம ஓட்டினா எஞ்சின் இறுகிப் போயிரும். அப்புறம் அது வெறும் இரும்பு."

"கீழே பிரிக்கறப்போ இருந்துச்சா?"

கந்தப்பன் யோசித்தான். எஞ்சினை அவன் முழுசாகத்தான் இறக்கினான். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. ஆனால் அப்படிச் சொல்லக் கந்தப்பனுக்கு வாய் வராது. "இருந்திருக்கும்," என்றான். "பித்தளைங்க. நல்ல கனம். உருக்கினா ஒரு குடம் ஆகும்."

குடம் என்ற சொல்தான் கெடுத்தது. ராசப்பன் வீட்டில் ஒரு புதுப் பித்தளைக் குடம் இருந்ததை எஞ்சின் வாங்கப் போனபோது சின்னுசாமி பார்த்திருந்தான்.

மறுநாள் ராசப்பன் வேடிக்கை பார்க்க வந்தான். சின்னுசாமி சுற்றி வளைத்தான். "மாப்ள, எஞ்சின்ல இருந்து ஏதாச்சும் கழண்டு உழுந்துச்சா?"

"இல்லீங்களே."

"பித்தளையில."

"என்ன பித்தளை?"

"இல்ல, ஊட்டுல ஒரு புதுக் குடம் பாத்தேன்."

ராசப்பனுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் கையிலிருந்த வெற்றிலையைக் கீழே போட்டான். "சேந்தமங்கலம் சந்தையில வாங்குன குடமுங்க அது. உங்க வண்டியோட இரும்பைத் தூக்கி என் தோளு இன்னும் வீங்கிக் கெடக்குது. நீங்க என்னைத் திருடன்னு சொல்றீங்க."

"திருடன்னு சொல்லல. கேட்டேன்."

"இதைக் கேக்கறதுக்கு வேற பேர் இருக்குதுங்களா?"

மாடு மேய்க்கிறவர்கள், தண்ணீர் எடுக்கப் போனவர்கள், எல்லோரும் கேட்டுவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் குண்டனி நாட்டு ஊர்கள் முழுக்கத் தெரிந்துவிட்டது. சின்னுசாமி பேச்சை அத்தோடு விட்டுவிடலாம் என்று பார்த்தான். ராசப்பன் விடவில்லை. வழக்கைப் பெரியதனக்காரர் குழந்தைசாமியிடம் அவனே கொண்டுபோனான். குண்டனி நாட்டில் சண்டைகளைத் தீர்த்துவைப்பவர் அவர். தீர்ப்புச் சொல்வதில் அவருக்கு ஆசை அதிகம், அவசரம் கிடையாது.

அவர் வந்து எஞ்சினைப் பார்த்தார். வேப்பங்கொத்து ஒடித்து வரச் சொன்னார். அந்த வட்ட மேடையின் மேல் தழையைக் கட்டினார். வழக்கில் இருக்கிற பொருளுக்குத் தழை கட்டிவிட்டால் தீர்கிறவரை யாரும் தொடக்கூடாது.

"அமாவாசைக்குக் கோயில்ல சத்தியம்," என்றார். "சின்னுசாமி, நீ அவன் எடுத்தான்னு சொல்லிச் சூடத்தை அணைக்கோணும். ராசப்பன் எடுக்கலைன்னு சொல்லி அணைக்கோணும்."

சத்தியம் செய்துகொண்ட இரண்டு வீட்டாரும் அதற்குப் பிறகு ஒருவர் வீட்டில் மற்றவர் கை நனைப்பதில்லை. யார் சொன்னது நிஜம் என்பதைச் சாமி பார்த்துக்கொள்ளும். சோறு மட்டும் நின்றுவிடும். பேரன் பேத்தி காலத்திலும் திரும்பாது. சின்னுசாமியின் தங்கை ருக்குமணி இனிமேல் பிறந்த வீட்டு வாசலில் நின்று பேசிவிட்டுப் போகலாம். ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க முடியாது.

"நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கறேன்," என்றான் சின்னுசாமி.

"எடுத்துக்க நான் உடமாட்டேன்," என்றான் ராசப்பன். "நாட்டுக்கு முன்னால என் பேரைச் சொல்லியாச்சு. அது அப்படியே கெடக்கட்டும்னு நான் போகவா? பம்பைக் காட்டுங்க. இல்லாட்டி சத்தியம்."

பம்பை எங்கே போய்க் காட்டுவது. கந்தப்பன் எல்லா ஊர்ச் சுமைகளையும் கொட்டித் தேடிவிட்டான். ஆட்கள் ஏறி வந்த பாதையில் பாதி தூரம் இறங்கியும் பார்த்தான். மாதம்மாள் சோற்றைப் போட்டுவிட்டுப் புருஷனோடு பேசாமல் போனாள். ஆசையாக வாங்கிய வண்டியைப் பார்க்கவே சின்னுசாமிக்குக் கசந்தது. ஆனாலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

அமாவாசைக்கு முந்தின நாள் காலையில் ருக்குமணி வந்தாள். இடுப்பில் அந்தப் புதுப் பித்தளைக் குடம். கையில் ஒரு உருண்டை புளியும் தேங்காய் நாரும். யாரையும் பார்க்காமல் நேரே வண்டியிடம் போனாள்.

"எம் புருசன் எந்த எடத்துல இருந்து எடுத்தானாம்?"

"அதாம்மா, தழை கட்டியிருக்குதே," என்றான் கந்தப்பன்.

அவள் தழையை அவிழ்த்துக் கீழே போட்டாள்.

கந்தப்பன் பதறிவிட்டான். "ஏம்மா, தொடக்கூடாதும்மா அது. தெண்டம் போடுவாங்க."

"போடட்டும். பழி சொன்னது எங்கண்ணன். சத்தியம் பண்ணப் போறது எம் புருசன். ரெண்டு பேரும் அவங்கவங்க ஊட்டுல வயிறு முட்டத் தின்னுக்குவாங்க. பொறந்த ஊட்டுக்கு வந்து பட்டினியாத் திரும்பப் போறவ நான். என்னை விட்டுட்டு என்ன வழக்கு?"

"கண்ணு, சொன்னாக் கேளு," என்று சின்னுசாமி அருகில் வந்தான்.

"உங்களோட அப்புறம் பேசறேன். மதனிகிட்டச் சுடுதண்ணி வாங்கியாங்க."

அவன் வாங்கி வந்தான். அவள் ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தாள். ஈயம் போகத் தேய்க்கிற தேய்ப்பு. வருஷக்கணக்கான கோழி எச்சமும் எண்ணெயும் கறுப்புக் கூழாக வழிந்தன. மேடை வெளுத்து வந்தது. ருக்குமணி விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி அந்த நான்கு குழிகளில் ஒன்றில் விட்டாள். நகத்து ஆழம்கூடப் போகவில்லை. இன்னொன்றில் விட்டாள். அதுவும் அப்படித்தான். நடுவில் குச்சியை ஊன்றினாள். குச்சி வளைந்து ஒடிந்தது.

"ஏனுங்க டைவரு, இங்க வாங்க. இது எங்க போவுது?"

கந்தப்பன் குனிந்து பார்த்தான். விரலால் தடவினான். பையிலிருந்து ஊசியை எடுத்துக் குத்தினான். வெறும் இரும்பு.

"மிட்டாதார் வண்டியில நடுவுல ஓட்டை உண்டு," என்றான் மெதுவாக. "உள்ளேயிருந்து ஒரு தண்டு அது வழியா வரும். அந்தத் தண்டுதான் பம்பைச் சுத்தறது. போல்ட்டு எறங்க நாலு துளை மரை போட்டு இருக்கும். இதுல எதையும் தொளைக்கவே இல்ல. புள்ளி மட்டும் வெச்சிருக்கான்."

"அப்ப எம் புருசன் ஓட்டையையும் சேத்துத் திருடிட்டானா?"

கந்தப்பன் எழுந்து வண்டியை ஒரு சுற்று வந்தான். உள்ளே இருந்த பிரேக் கம்பியைத் தொட்டான். உயரமான ரேடியேட்டரைச் சாண் போட்டு அளந்தான். அகலமான குழாய் வாய்க்குள் கையை விட்டு எடுத்தான். இரண்டாவது சுற்றும் வந்தான். பிறகு மண்ணில் உட்கார்ந்துகொண்டான்.

"மாத்துன எவனோ ஒருத்தன் இல்லீங்க," என்றான். "கம்பெனிக்காரனேதான்."

"வெவரமாச் சொல்லு," என்றான் சின்னுசாமி.

"மிட்டாதார் வண்டியில தொல்லை பூராவும் அந்தப் பம்புதானுங்க. ஒழுகும். தண்டு தேயும். மாசம் ஒருக்காக் கழட்டுவேன். கம்பெனிக்காரனுக்கும் எத்தனை பேர் திட்டி எழுதினாங்களோ. அடுத்து செஞ்ச வண்டியில பம்பையே எடுத்துட்டான். பம்பு இல்லாம தண்ணி சுத்தணுமின்னா ரேடியேட்டர் ஒசரமா இருக்கோணும், குழாய் அகலமா இருக்கோணும். ரெண்டும் இதுல இருக்குது. ஆனா எஞ்சின் வார்க்கற அச்சு பழசு. புது அச்சு செய்ய யாரு செலவு பண்றது? பழைய அச்சுலயே ஊத்தி, பம்பு மேடையைத் தொளைக்காம அப்படியே உட்டுட்டான். இது பதினொண்ணாம் வருசத்து வண்டியே இல்ல. அதுக்கு அடுத்தது. சண்டைக்கு முன்னால கொஞ்சம்தான் போட்டான்னு மெட்ராஸ்ல ஒரு கம்பெனி ஆளு சொல்லக் கேட்டிருக்கேன். நான் பாத்ததில்ல."

"பாத்துட்டுத்தானய்யா இருந்த, இத்தனை நாளா," என்றாள் ருக்குமணி.

யாரோ ஓடிப்போய்ச் சொல்லிவிட்டார்கள். குழந்தைசாமி வந்தார். பின்னாலேயே ராசப்பனும் அவன் ஊர் ஆட்களும். கீழே கிடந்த தழையைப் பார்த்ததும் பெரியதனக்காரரின் முகம் மாறியது.

"யாரு எடுத்தது?"

"நான்தானுங்க மாமா," என்றாள் ருக்குமணி. "தெண்டத்தை அப்புறம் போடுங்க. மொதல்ல குச்சியை உட்டுப் பாருங்க."

அவர் குச்சியை விட்டுப் பார்த்தார். கந்தப்பன் முழுக் கதையையும் மறுபடி சொன்னான். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தார்கள்.

"இன்னிக்கு வரைக்கும் பம்பு இருக்குதுன்னு நீதான் சொன்ன," என்றார் கண்ணைத் திறக்காமலே. "இப்போ இல்லைன்னும் நீதான் சொல்ற. உம்பேச்சை எந்தப் பக்கம் வெச்சு எடை போடறது?"

கந்தப்பன் தலையைச் சொறிந்தான்.

"ஓட்டிக் காட்டுங்க. பம்பு இல்லாம வண்டி நிக்காம ஓடுச்சுன்னா வழக்கு இல்ல. எஞ்சின் இறுகிப் போச்சுன்னா நாளைக்குச் சத்தியம்."

கந்தப்பன் சின்னுசாமியைத் தனியே இழுத்துக்கொண்டு போனான். "அண்ணா, நான் சொன்னது எம் புத்திக்குப் பட்டது. எங் கண்ணால பாத்ததில்ல. தப்பாப் போச்சுன்னா எஞ்சின் போயிரும். மறுபடி செய்ய ஆளு கெடையாது, சாமான் கெடையாது, கம்பெனியே கெடையாது. உலகத்துல இது மாதிரி இன்னும் ஒண்ணு இருக்குதான்னே தெரியாது. யோசிச்சுக்குங்க."

சின்னுசாமி வண்டியைப் பார்த்தான். கறுப்புப் பெயின்டில் வெயில் பட்டுக்கொண்டிருந்தது. அங்கே ருக்குமணி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, அண்ணன் வீட்டுப் பக்கமும் போகாமல் புருஷன் பக்கமும் போகாமல், நடுவில் நின்றிருந்தாள்.

"மாட்டு," என்றான்.

தோல் குழாய்களை நேரே எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இறுக்கினார்கள். கந்தப்பன் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினான். டின்னிலிருந்து பெட்ரோல் ஊற்றினான். முன்னால் கம்பியை மாட்டிச் சுற்றினான். சுற்றினான், சுற்றினான், வேர்த்துக் கொட்டியது. ராசப்பனுக்குப் பொறுக்கவில்லை. "தள்ளுய்யா," என்று கம்பியைப் பிடுங்கி, வீங்கிய தோளோடு ஒரு சுற்றுச் சுற்றினான். வண்டி இருமியது. இன்னொரு சுற்று. புகையாகக் கக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது. மாடுகள் கட்டை அறுத்துக்கொண்டு ஓடின. யாரும் மாட்டுக்குப் பின்னால் போகவில்லை.

"தண்ணி சுத்துச்சுன்னா கீழ்க்குழாயும் சூடாகோணும்," என்று கந்தப்பன் கத்தினான். "சுத்தலைன்னா மேல கொதிக்கும், கீழ சில்லுனு கெடக்கும்."

ராசப்பன் கீழ்க்குழாயைப் பிடிக்கப் போனான். குழந்தைசாமி அவன் கையைத் தட்டிவிட்டார். "பிராது உம் மேல. நான் புடிக்கறேன்." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து குழாயைப் பிடித்தார்.

எஞ்சின் ஓடியது. மேலே ஆவி வர ஆரம்பித்தது.

"கீழ எப்படீங்க?" என்றான் சின்னுசாமி.

"சில்லுனு இருக்குது."

ஆவி கூடியது. எஞ்சின் சத்தம் மாறி, ஒரு மாதிரி இழுத்தது.

"இப்பங்க?"

"சில்லுனுதான்."

"நிறுத்திரட்டுங்களா?" என்று கந்தப்பன் கையை நீட்டினான். "அண்ணா, போயிருமுங்க."

"உடு," என்றான் சின்னுசாமி. "ஓடட்டும்."

"எஞ்சின் போயிரும்னு சொல்றேன்."

"போனாப் போகுது. நிறுத்துனா நாளைக்குச் சத்தியம்தானே. ஓடற வரைக்கும் ஓடட்டும்."

ராசப்பன் மச்சானைப் பார்த்தான். முதல் தடவையாக அவன் முகத்தில் கோபம் இல்லை. "நிறுத்துங்க மச்சான்," என்றான். "வண்டியைச் சாகடிச்சு எனக்கு என்ன ஆகப்போகுது."

கந்தப்பன் ரேடியேட்டர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று தலையில் அடித்துக்கொண்டான். "தண்ணி பத்தலை," என்றான். "மிட்டாதார் வண்டிக்கு ஊத்தற அளவு ஊத்திட்டேன். வாய்க்கு ஒரு சாண் கீழ. அங்க பம்பு தள்ளிவிடும். இங்க தள்ள ஆளில்ல. மேல்குழாய் முங்கினாத்தானே தண்ணி அக்கட்டத் தாண்டும். ஊத்துங்க. பச்சைத் தண்ணி வேண்டாம், வெடிச்சிரும். சுடுதண்ணி."

ருக்குமணி குடத்தோடு வீட்டுக்குள் ஓடினாள். களி கிண்ட மாதம்மாள் உலை வைத்திருந்தாள். அந்தக் கொதிநீரை அப்படியே குடத்தில் சரித்துக்கொண்டு, முந்தானையைச் சுற்றிப் பிடித்து, ஓடி வந்து ஊற்றினாள். ரேடியேட்டர் வாய் வரை வந்தது. ஒரு குமிழி பெரிதாக ஏப்பம் விட்டது. தண்ணீர் கொஞ்சம் இறங்கியது. மீதியையும் ஊற்றினாள்.

எல்லோரும் குழந்தைசாமியைப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மாமா," என்றாள் ருக்குமணி.

"இரு."

"சூடாகுதுங்களா இல்லீங்களா?"

"இரும்மா. அவசரப்பட்டா நாயமாகுமா." அவர் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிறகு கையைச் சட்டென்று இழுத்து, உள்ளங்கையை ஊதினார். "சுடுது," என்றார். "நல்லாவே சுடுது. கொஞ்ச நேரமாவே சுடுதுதான்."

ஆவி அடங்கிவிட்டது. எஞ்சின் சத்தம் பழையபடி சீரானது. யாரும் கூச்சல் போடவில்லை. ஆளுக்கு ஒரு தரம் வந்து கீழ்க்குழாயைத் தொட்டுப் பார்த்துச் சுட்டுக்கொண்டு போனார்கள்.

குழந்தைசாமி எழுந்து வேட்டியை உதறினார். "பம்பு இல்ல. அதனால எடுத்தவனும் இல்ல. சத்தியம் இல்ல. தழையை எடுத்ததுக்கு ருக்குமணி கோயிலுக்கு ஒரு படி எண்ணெய்."

"பம்பு இருக்குதுன்னு சொன்ன டைவருக்கு என்னங்க?" என்றாள் ருக்குமணி.

"ஒரு படி," என்றார் அவர். கந்தப்பன் பேசாமல் ஒப்புக்கொண்டான். அவன் கவனம் அங்கே இல்லை. எஞ்சினுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு, பம்பு இல்லாத தார்ன்பி, பம்பு இல்லாத தார்ன்பி என்று தனக்குள் முனகிக்கொண்டிருந்தான்.

ராசப்பன் நகரவில்லை. "எல்லாம் சரி," என்றான். "என்னைத் திருடன்னு கேட்டது கேட்டதுதானே."

"ஆமா மாப்ள. தப்புத்தான்."

"தப்புன்னு இங்க நின்னு சொன்னாப் போதாது. எங்கூட்டுல வந்து கை நனைக்கோணும். நாலு பேரு பாக்கோணும்."

"வாரேன். வண்டியிலயே வாரேன்."

வண்டிக்காகச் சின்னுசாமி வெட்டி வைத்திருந்த பாதை இருநூறு அடிதான். அதுவும் ராசப்பன் ஊருக்கு எதிர்ப்பக்கம். அதன் கடைசி வரை போய், திருப்ப இடம் இல்லாமல், ஆட்கள் தூக்கித் திருப்பி வைத்து, திரும்பி வந்தார்கள். சின்னுசாமி இறங்கினான். கந்தப்பன் எஞ்சினை நிறுத்தினான். பிறகு எல்லோரும் ஓடையைத் தாண்டி, சாமைக் காட்டு வரப்பில் ஒருவர் பின் ஒருவராக ராசப்பன் ஊருக்கு நடந்தார்கள்.

அங்கே கேழ்வரகுக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். சின்னுசாமி எல்லோர் முன்னாலும் கை கழுவி உட்கார்ந்தான். ருக்குமணி களியை வைத்தாள். ராசப்பன் குழம்பைத் தானே வாங்கி ஊற்றினான். அதில் அவன் மிளகாயைத் தாராளமாகக் கலந்திருந்தது இரண்டாவது வாயில் தெரிந்தது. சின்னுசாமிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மூக்கிலும் வந்தது. அவன் நிறுத்தவில்லை.

"காரமுங்களா மச்சான்?" என்றான் ராசப்பன்.

"இல்ல மாப்ள."

"தாராளமாச் சொல்லுங்க. தண்ணி சுத்தறதுக்கு ஆளு வேணுமின்னா நான் இருக்கேன்."

சின்னுசாமி சிரிக்கப் போய்ப் புரையேறி இருமினான். ருக்குமணி அண்ணன் தலையில் தட்டிவிட்டு, கேட்காமலே இன்னொரு உருண்டை களியை வைத்தாள்.